லௌபர்ஹோர்ன்: நீளத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

11.01.2025, வாசகர் கேள்வி

ஆஸ்திரியாவில் இருக்கும் கிட்ஸ்பூயலின் ஷ்ட்ரைஃப்தான் உலகத்திலேயே கடினமான டவுன்ஹில் பனிச்சறுக்குத் தடம் என்று வீரர்களே சொல்கிறார்கள். பிறகு ஏன் சுவிஸ்காரர்கள் வெங்கெனின் லௌபர்ஹோர்ன் ஓட்டத்தை இப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள்? நீளமாக இருக்கிறது, சரி. நடுவில் அரை நிமிடம் குந்தியபடி சும்மா வழுக்கிக்கொண்டு போகிறார்கள், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வருகிறது. 1930 இலிருந்து நடக்கிறது என்ற பழம்பெருமையைத் தவிர வேறு என்ன?

11.01.2025, இரவு

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். லௌபர்ஹோர்ன் 2315 மீற்றர் உயரத்தில் தொடங்கி 1287 இல் முடிகிறது, ஆக ஆயிரத்துச் சொச்சம் மீற்றர் இறக்கம், தடத்தின் நீளம் ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர். ஓட்டத்துக்கு இரண்டரை நிமிடம் பிடிக்கும். ஷ்ட்ரைஃப் 3.3 கிலோமீற்றர், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு தடத்தின் சாதனை நேரமும் 1997 இல் வந்தவை: வெங்கெனில் இத்தாலியின் கிறிஸ்டியான் கெடினா 2:24.23, கிட்ஸ்பூயலில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் ஷ்ட்ரோபல் 1:51.58. இன்றைக்கும் இரண்டும் அப்படியே நிற்கின்றன.

இனிக் கேள்விக்கு வருவோம். எது கடினம் என்று கேட்டால் சண்டைதான் வரும். நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். டிடியே குஷ் கிட்ஸ்பூயலில் ஐந்து தடவை டவுன்ஹில் வென்றவர், ஷ்ட்ரைஃபின் ராஜா. சுவிஸ்காரர் வேறு. அவர் வெங்கெனில் ஒரு தடவைகூட வெல்லவில்லை. அமெரிக்காவின் போடி மில்லர் 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு தடவை வெங்கெனில் வென்றார், ஷ்ட்ரைஃபை ஒருநாளும் வெல்லவில்லை. ஒரு கிழமை இடைவெளியில், ஒரே விளையாட்டில், ஒரே ஆட்கள் ஓடுகிறார்கள். ஆனால் இரண்டும் கேட்கிற ஆள் வேறு. உங்களுக்குக் கொட்டாவி வருகிற அந்த அரை நிமிடத்தில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது.

12.01.2025

மேலே சொன்னதை விளக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். ஷ்ட்ரைஃபில் தொடங்கிய சில வினாடிகளிலேயே மௌஸ்ஃபாலெ வந்துவிடும், 85 சதவீதச் சரிவு. அதிலிருந்து தப்பினால் ஷ்டைல்ஹாங் என்ற இன்னொரு செங்குத்துச் சரிவு. பயத்தை அடக்கத் தெரிந்தவனுக்கான தடம் அது. வெங்கெனில் நிலைமை வேறு. மேலே குதிப்பு, வளைவு எல்லாம் முடிந்த பிறகு லாங்கென்ட்ரேயென் என்ற மட்டமான பகுதி வரும். அங்கே உடம்பை மடக்கி, ஸ்கியைப் பனியில் தட்டையாக விட்டு, கை அசையாமல், விளிம்பு உரசாமல் வழுக்க வேண்டும். அங்கே விட்ட வேகம் பிறகு கிடைக்காது. அதற்குப் பிறகு ஹானெக்ஷுஸ், உலகக்கோப்பைத் தடங்களிலேயே வேகமான இடம். 2013 இல் பிரான்சின் யொஹான் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீற்றரைத் தொட்டார். ஆனால் அன்றைக்கு வென்றது இத்தாலியின் கிறிஸ்டோஃப் இன்னர்ஹோஃபர். கிளாரே முதல் மூன்றுக்குள்ளேகூட வரவில்லை. அதிவேகமாகப் போன மனிதன் மேடையிலேயே இல்லை என்றால் இந்தத் தடம் எதைக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியில், தொடை எரிந்து கால் சொல்வதைக் கேட்காத நேரத்தில், முடிவுக்கோட்டுக்குச் சற்று மேலே ஓர் எஸ் வளைவை வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், சந்தோஷமான விஷயம் இல்லை.

12.01.2025, பின்னேரம்

"லௌபர்ஹோர்னை ஆரம்பித்தது இங்கிலாந்துக்காரர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதி உண்மைகூட இல்லை, கால்வாசி உண்மை. ஆரம்பித்தவர் வெங்கெனில் கடை வைத்திருந்த ஏர்ன்ஸ்ட் கெர்ட்ஷ். பல பத்தாண்டுகள் அவரே நடத்தினார், பிறகு மகன் விக்டர் கெர்ட்ஷ். குடும்பச் சொத்து மாதிரித்தான்.

கால்வாசி உண்மை எங்கே என்றால், அந்தப் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கைப் போட்டியாக மாற்றியது இங்கிலாந்துக்காரர்கள். எதிர்ப்பக்க மலையில் இருக்கும் மூரெனில் ஆர்னல்ட் லன் 1922 இல் கம்பங்களை நட்டு இன்றைய ஸ்லாலத்துக்கு வழி போட்டார். வெங்கெனில் 1925 இல் ஒரு ஆங்கிலேயர் கூட்டம் 'டவுன்ஹில் ஒன்லி' என்று ஒரு கிளப்பே தொடங்கியது. பல்லுச்சக்கர ரயிலில் ஏறி மேலே போவது, சறுக்கிக்கொண்டு கீழே வருவது, மறுபடி ரயில். ஏறுகிற கஷ்டமே வேண்டாம் என்பதுதான் கிளப்பின் கொள்கை! அந்தக் காலத்து நோர்வேக்காரர்களைக் கேட்டால், ஏறாதவன் எல்லாம் என்ன பனிச்சறுக்குக்காரன் என்றிருப்பார்கள். 1930 பெப்ரவரியில் கெர்ட்ஷ் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வைத்தார். டவுன்ஹில்லில் வென்றது உள்ளூர் ஆள் கிறிஸ்டியான் ரூபி. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது முதலிடம் பில் பிராக்கன் என்ற ஆங்கிலேயருக்கு. இரண்டு தரப்பும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஷ்ட்ரைஃப்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கிட்ஸ்பூயலின் ஹானென்காம் ஓட்டம் 1931. ஒரு வயது இளையது.

13.01.2025

போர்க்காலத்திலும் லௌபர்ஹோர்ன் நடந்தது. சுற்றிவரப் போர், எல்லை மூடியிருக்கிறது, வெளிநாட்டவர் வர வழியில்லை, இவர்கள் தங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெங்கெனிலேயே பிறந்த கார்ல் மோலிட்டர் 1939 இலிருந்து 1947 வரைக்குள் ஆறு டவுன்ஹில் வென்றார். எதிராளி இல்லாத காலத்து வெற்றி என்று யாராவது சொன்னால், 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு பதக்கம் எடுத்ததையும் சொல்ல வேண்டும். பிறகு ஸ்கி சப்பாத்து செய்து விற்றார். ஐரோப்பாவிலேயே பேர் போன சப்பாத்து.

14.01.2025

இந்தத் தடத்தின் வரலாறு எனக்குப் பிடிக்கக் காரணம் அது எழுதப்பட்டிருக்கும் விதம். மற்ற இடங்களில் வென்றவனுக்குச் சிலை வைப்பார்கள். கிட்ஸ்பூயலில் மலையேறும் கேபிள் பெட்டிகளில் வென்றவர்களின் பெயரை எழுதுகிறார்கள். வெங்கெனில் விழுந்தவனின் பெயரை விழுந்த இடத்துக்கே வைத்துவிடுவார்கள்.

மேலிருந்து வருவோம். ஹுண்ட்ஷோப்ஃப் என்ற பாறை இடுக்கில் பாய்ந்தவுடன் வருவது மின்ஷ் விளிம்பு. 1965 இல் யோஸ் மின்ஷ் என்ற சுவிஸ் வீரர் அங்கே விழுந்து மோசமாகக் காயப்பட்டார். அடுத்தது கனடியன் வளைவு. 1976 இல் டேவ் இர்வின், கென் ரீட் என்ற இரண்டு கனடாப் பொடியன்கள் வேகத்தை விடமாட்டோம் என்று வந்து, அங்கே தூக்கி எறியப்பட்டார்கள். கனடியர்களைப் பைத்தியங்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம். கீழே ஆஸ்திரியர் குழி என்று ஒன்று. 1954 இல் டோனி ஸைலர் உட்பட ஆஸ்திரியர்கள் வரிசையாக அங்கே விழுந்தார்கள், சுவிஸ்காரர் அதைச் சந்தோஷமாக வரைபடத்திலேயே ஏற்றிவிட்டார்கள். அந்த ஸைலர் பிறகு வந்து இங்கே வென்றார், 1956 ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் எடுத்தார். அதற்காகக் குழியின் பெயரை மாற்றினார்களா? இல்லையே.

14.01.2025, கொஞ்சம் கழித்து

கெர்னென் எஸ்ஸை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். முடிவுக்கோட்டுக்கு மேலே உள்ள எஸ் வளைவு அல்ல, மட்டப்பகுதிக்கு முன்னால் வருகிற இன்னொன்று. விடவில்லை, தனியாக எழுதத்தான் வைத்திருந்தேன்.

ஒரு ஒடுக்கமான மலைப்பாதை. கோடையில் ஆட்கள் நடக்கிற, மாடு போகிற வழி. ஒருபக்கம் மலை, மறுபக்கம் வலை. அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி வலம், இடம் என்று இரண்டு திருப்பம். முன்பு ப்ரூக்லி எஸ் என்பார்கள். வேகம் சட்டென்று இறங்கும், அங்கே ஒரு முழத்தைத் தவறவிட்டால் பிறகு வருகிற மட்டப்பகுதி முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். 1997 இல் புரூனோ கெர்னென் அங்கே விழுந்து வலையில் அடிபட்டுக் கிடந்த காட்சியைச் சுவிஸ் தொலைக்காட்சி இன்றைக்கும் போடுகிறது. இவ்வளவுக்குப் பிறகு எழுந்து வந்த மனிதர் அடுத்த மாதம் செஸ்ட்ரியேரெயில் உலக சாம்பியன். 2003 இல் லௌபர்ஹோர்னையும் வென்றார். பாலத்துக்கு அவர் பெயர் வந்தது வென்றதற்காக அல்ல என்பதுதான் வேடிக்கை.

15.01.2025

நேற்றிரவு பழைய ஓட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11ஆம் திகதி எழுதியதில் எனக்கே ஒரு சந்தேகம். நீளத்தையும் அந்த மட்டப்பகுதியையும்தான் காரணமாக எழுதினேன். வெறும் நீளத்தை யாரும் செய்யலாம், பெரிய மலையும் காசும் இருந்தால் ஆறு கிலோமீற்றருக்கும் தடம் போடலாம். வெங்கெனில் இன்னொன்று இருக்கிறது: இந்தத் தடத்தை யாரும் மேசையில் வைத்து வரையவில்லை. இப்போது வருகிற தடங்களைப் பாருங்கள், புல்டோசர் போட்டுத் தட்டி, தொலைக்காட்சிக் கமெராவுக்கு வசதியாக ஒரே அகலத்தில் இருக்கும். இங்கே பாறை இருந்தால் பாறைக்கு நடுவால் பாய வேண்டும், மாட்டுப்பாதை இருந்தால் அதில் ஒடுங்க வேண்டும். வாஸர்ஷ்டட்சியோன் என்ற இடத்தில் ரயில் பாதை தடத்துக்குக் குறுக்கே வருகிறது, 1893 இல் போட்ட வெங்கெர்னால்ப் ரயில். தடம் அதற்குக் கீழே சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். மேலே சுற்றுலாப் பயணி ஜன்னலோரம் இருந்து சொக்லேட் சாப்பிடுகிறார், கீழே ஒருவன் எண்பது, தொண்ணூறில் போகிறான்.

முழுக்க இயற்கை என்றும் சொல்லமாட்டேன். ஸில்பர்ஹோர்ன் குதிப்பு 2003 இல் சேர்த்தது, பின்னால் மலை தெரிய நல்ல படம் கிடைக்கட்டும் என்று. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தொலைக்காட்சி போட்ட குதிப்பு, ஹுண்ட்ஷோப்ஃப் மலை போட்ட குதிப்பு.

16.01.2025

நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். பேர்ன் ஓபர்லாந்தின் குசினிகளில் அந்தக் காலத்தில் எங்கடை ஆட்கள் இல்லாத இடம் குறைவு. மலையைப் பார்க்க உலகம் முழுக்க வருகிறது, நாங்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நிற்போம். ஓட்டம் நடக்கும் கிழமையில் லீவு என்ற பேச்சே கிடையாது. ஒரு மணித்தியாலம் விடச் சொல்லிக் கேட்டதற்கு முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ எல்லாம் ஸ்கி பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்கிற மாதிரி. ஓட்டம் தொடங்குவது மதியம் பன்னிரண்டரை, குசினியில் உயிர் போகிற நேரம். வானத்தில் சுவிஸ் விமானப்படையின் சாகசக் குழுவான பாத்ரூயி ஸ்விஸின் ஜெட் விமானங்கள் ஆறும் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது அடுக்கிவைத்த தட்டெல்லாம் கிலுங்கும். ஓட்டம் தொடங்கப்போகிறது என்று எனக்குத் தெரிவது அப்படித்தான்.

பிறகு வேறு வேலை, வேறு ஊர். மகள் பள்ளிக்கூட ஸ்கி முகாமுக்குப் போய்வந்து 'அப்பா நீங்கள் ஏன் பழகேல்லை' என்று கேட்ட பிறகுதான் குடும்பமாக விக்ஸிக்குப் போனோம், ஹுண்ட்ஷோப்ஃபுக்குக் கீழே. தொலைக்காட்சியில் தெரியாத விஷயம் சத்தம். ஆள் தெரிவதற்கு முன்பே ஸ்கியின் விளிம்பு ஐஸைக் கிழிக்கிற சத்தம் வரும். தலைக்கு மேலால் ஒருவன் போகிறான், தலைக்கவசத்தின் நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது. கூட்டம் மாட்டு மணியை ஆட்டத் தொடங்கும்போது அவன் மின்ஷ் விளிம்பைத் தாண்டியிருப்பான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் ஒவ்வொரு வீரனுக்கும் சாய்ந்த கோணத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார், பாதி சரி.

17.01.2025

இன்று சூப்பர் ஜியில், அதாவது டவுன்ஹில்லைவிட வளைவு கூடிய வேக ஓட்டத்தில், ஃப்ராஞ்ஜோ ஃபோன் ஆல்மென்! பொல்டிகென் பொடியன், இதே பேர்ன் ஓபர்லாந்து, தச்சு வேலை பழகியவன். உலகக்கோப்பையில் முதல் வெற்றி, அதுவும் வீட்டு வாசலில். நாளைக்கு முழு டவுன்ஹில். இனிமேல் நித்திரை வராது.

18.01.2025

ஒடர்மாட் முதல், ஃபோன் ஆல்மென் இரண்டாவது. மார்கோ ஒடர்மாட்டுக்கு இது இங்கே மூன்றாவது டவுன்ஹில் வெற்றி, 2024 இல் ஒரே கிழமையில் இரண்டு, இன்று ஒன்று. ஃப்ரான்ஸ் கிளாமர் 1975, 76, 77 என்று மூன்று, பேயாட் ஃபொய்ட்ஸ் 2012, 2018, 2020 என்று மூன்று. அதே வரிசைக்கு வந்துவிட்டார். கிளாமரின் 1975 ஓட்டம் இருக்கிறதே, இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் மூன்றரை வினாடிக்கு மேல் இடைவெளி. இன்றைக்கு அரை வினாடி என்றாலே அடித்துப்போட்டான் என்று எழுதுகிறோம். அதனால் யார் பெரியவன் என்ற கேள்வியைத் தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம்.

18.01.2025, இரவு

பிறகு எழுதுகிறேன் என்ற விஷயம். 1991 இல் இதே ஜனவரி 18. பயிற்சி ஓட்டம், அடுத்த நாள் ஓட இடம் கிடைக்குமா என்று தீர்மானிக்கிற ஓட்டம். கெர்னோட் ரைன்ஷ்டாட்லர், ஆஸ்திரியன், இருபது வயது. முடிவுக்கோட்டுக்கு மேலே உள்ள அந்த எஸ் வளைவில் சமநிலை தவறி, ஸ்கி பாதுகாப்பு வலையில் சிக்கியது. காப்பாற்ற முடியவில்லை. அந்த வருட ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு முடிவுப் பகுதியை மாற்றினார்கள், ஸ்கி முனை கண்ணிக்குள் நுழையாதபடி வலைகளுக்கு முன்னால் வழுக்கும் விரிப்புகள் வந்தன. இன்றைக்கு எந்தத் தடத்துக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம்.

அப்படியிருந்தும் 2024 ஜனவரி 13 இல் அலெக்ஸாண்டர் ஆமோட் கில்டெ, அதற்கு முந்திய வருடம் இங்கே வென்ற நோர்வேக்காரர், அதே கடைசி வளைவில் வலைக்குள் போனார். தோள்மூட்டு விலகி, கெண்டைக்கால் ஆழமாக வெட்டுப்பட்டு, ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். அந்தக் கிழமை மூன்று நாளில் மூன்று வேக ஓட்டங்கள் வைத்திருந்தார்கள், இரண்டு டவுன்ஹில், ஒரு சூப்பர் ஜி. வீரர்கள் களைத்துப்போனார்கள் என்று அப்போதே வாக்குவாதம் வந்தது. ஒடர்மாட் இரண்டு வென்ற கிழமையும் அதுதான் என்பது ஞாபகமிருக்கட்டும். நான் கொண்டாடுகிற அந்த நீளத்தின் மறுபக்கம் இது. தொடை செத்த நிலையில் வருகிறவனுக்கு அந்த வளைவு தேவைதானா? தேவை என்றுதான் நேற்றுவரை வாதாடியிருப்பேன். மேலே மட்டப்பகுதி வேண்டும், ஒடுக்கம் வேண்டும், எல்லாம் வேண்டும். அந்தக் கடைசி வளைவை அகலமாக்கினால் எனக்குக் கவலை இல்லை.

20.01.2025

"சுவிஸ் பணக்கார நாடு, இந்த ஓட்டத்துக்கு என்ன குறை" என்று கேட்டவருக்கு. 2020 மே மாதம் சுவிஸ் பனிச்சறுக்குச் சங்கமே வெங்கெனை உலகக்கோப்பை அட்டவணையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி உலகச் சங்கத்திடம் கேட்டது, 2021/22 பருவத்திலிருந்து. விளம்பர வருமானத்தைப் பங்கு போடுவதில் தகராறு. ஏற்பாட்டாளர்கள் வருடத்துக்கு இன்னும் ஒரு மில்லியன் பிராங்க் வேண்டும் என்றார்கள், விவகாரம் விளையாட்டு நடுவர் மன்றம்வரை போனது. பத்திரிகைகள் கொதித்தன, அரசியல்வாதிகள் குதித்தார்கள், கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டது.

வெங்கென்காரர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஊருக்குக் கார்ப் பாதை கிடையாது. மேடை, வலை, கமெரா, பியர் எல்லாம் லௌட்டர்ப்ருன்னெனிலிருந்து ரயிலில் ஏற வேண்டும், ஏறாதது ஹெலிகொப்டரில். சனிக்கிழமை முப்பதாயிரத்துக்கும் மேலே ஆட்கள் வருவார்கள், ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம். தடத்தைத் தயார் பண்ண இராணுவமும் சிவில் பாதுகாப்புப் படையும் வந்து பனியை மிதிக்கிறது. காரில் போகக்கூடிய இன்னொரு மலையில் இதே ஓட்டத்தைப் பாதிச் செலவில் நடத்தலாம், அதுவும் உண்மை. ஆனால் அந்த மலையில் ரயிலுக்குக் கீழே போக முடியாதே.

22.01.2025

விஷயம் திசைமாறுகிறது, பரவாயில்லை. எதிர்ப்பக்கத்து மூரெனில் இன்ஃபெர்னோ என்று ஒரு ஓட்டம், 1928 இலிருந்து, லௌபர்ஹோர்னுக்கு அண்ணன். ஷில்ட்ஹோர்ன் மலையிலிருந்து பள்ளத்தாக்குவரை, ஓடுகிறவர்கள் வங்கிக்காரர், தச்சர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று சாதாரண ஆட்கள், ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல். வழியில் ஏற்றம்கூட உண்டு, ஏறத்தான் வேண்டும். முதல்நாள் இரவு மரத்தில் செய்த பேயை ஊர்வலமாகக் கொண்டுபோய் எரிப்பார்கள். என் பழைய குசினித் தோழர் ஒருவர், எங்களூர்க்காரர், அதில் ஓடப்போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். இன்னும் ஸ்கி வாங்கவில்லை.

26.01.2025

நேற்றுக் கிட்ஸ்பூயலில் கனடாவின் ஜேம்ஸ் க்ராஃபோர்ட். வெள்ளிக்கிழமை சூப்பர் ஜியை வென்ற ஒடர்மாட், சனிக்கிழமை டவுன்ஹில்லில் மேடையில் இல்லை. வெங்கெனில் மூன்று, ஷ்ட்ரைஃபில் டவுன்ஹில் இன்னும் ஒன்றுகூட இல்லை. 11ஆம் திகதி குஷையும் மில்லரையும் பற்றி எழுதியதை நம்பாதவர்கள் இதைப் பாருங்கள். இரண்டையும் ஒரே வருடத்தில் வெல்வது எவ்வளவு அரிது என்பதற்கு, 2009 இல் டிடியே டேஃபாகோ அதைச் செய்தபோது இந்த நாடு ஒரு கிழமை வேறு கதை பேசவில்லை. மறு வருடம் வான்கூவரில் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார்.

09.02.2025

ஸால்பாக்கில் ஃபோன் ஆல்மென் டவுன்ஹில் உலக சாம்பியன். மூன்று கிழமைக்கு முன்னால் வெங்கெனில் முதல் வெற்றி என்று எழுதிய அதே தச்சன். அடுத்த ஜனவரிக்கு எங்கே நின்று பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேகம் பார்க்க வேண்டும் என்றால் ஹானெக், கூட்டமும் சத்தமும் வேண்டும் என்றால் விக்ஸி, குளிர் தாங்காது என்றால் முடிவுக்கோடு. எதுவானாலும் விடிய முதல் ரயிலைப் பிடியுங்கள். எட்டு மணிக்குப் பிறகு லௌட்டர்ப்ருன்னென் மேடையில் கால் வைக்க இடமிராது.